துறைமுகத்து வாசகர்

பல் கட்டுகிற அந்தக் கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் மாவைக் குழைத்து ஊற்றுகிறவர் பிளாஸ்டர். எல்லாம் முடிந்தபின் தேய்த்து மினுக்கிக் கொடுக்கிறவள் பாலிஷ். இரண்டு பேருக்கும் நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்து, மெழுகு மேட்டில் பற்களை ஒவ்வொன்றாக நிற்கவைத்து வரிசை கட்டுகிறவள் மெழுகு. பதினெட்டு வருடமாக அவள் மெழுகுதான். ஒருமுறை அவள் கணவன் கூடத்துக்குப் போன் செய்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, எடுத்த பிளாஸ்டர், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வைத்துவிட்டார்.

உட்கார்ந்த இடத்தில் செய்கிற நோகாத வேலை என்று வெளியில் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்தால் உருகும் மெழுகின் வாசனையும் அக்ரிலிக் நெடியும் மூக்கைத் துளைக்கும். மாலையில் தலையைத் தட்டினால் வெள்ளைப் பொடி கொட்டும். அச்சோடு வரும் சீட்டில் டாக்டரின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். ஆணா பெண்ணா, வயது, பல்லின் நிறம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, முகமே தெரியாத ஒருவருக்கு அவள் சிரிப்புச் செய்து கொடுக்க வேண்டும். எத்தனையோ வாய்களின் மேடுபள்ளம் அவள் விரலுக்குத் தெரியும். அந்த வாய்களுக்கு மேலே இருந்த மூக்கும் கண்ணும் எப்படி என்று தெரியாது. தெருவில் எதிரே வருகிற கிழவர் பளிச்சென்று சிரித்தால், இது நம் கை வேலையோ என்று ஒரு கணம் நின்று பார்ப்பாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்த எண்ணம் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் எழுத ஆரம்பித்தாள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், விடுமுறைக்கு வந்தபோது ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தாள். "மேல்வரிசை கீழ்வரிசை" என்று அதற்குப் பெயர். முதல் கட்டுரையை எழுதி முடித்ததும் இணைப்பைக் குடும்பக் குழுவில் போட்டாள். கணவனின் சித்தப்பா கட்டைவிரல் காட்டினார். யாரோ ஒரு கைகுவிப்பு அனுப்பினார்கள். அதற்குக் கீழே உடனே ஒரு குழந்தையின் நடனக் காணொளி வந்து விழுந்தது, அதோடு சரி. தண்ணீர் மோட்டார் கடையில் விற்பனையாளராக இருக்கும் கணவன் மட்டும், "நல்லா எழுதியிருக்க" என்றான். எந்த வரி என்று அவள் கேட்டாள். "எல்லாமே" என்றான்.

மகள் விடுதிக்குத் திரும்பும் முன் இன்னொன்றையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். வலைப்பூவுக்குப் பின்பக்கத்தில் ஒரு கதவு. அதைத் திறந்தால் எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கட்டுரையில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கோடும் புள்ளியுமாகத் தெரியும். "உன்னோட வருகை இதுல சேராதும்மா, அதை நிறுத்திட்டேன். இதுல தெரியறது எல்லாம் வெளி ஆளு" என்றாள்.

அந்தக் கதவைத் திறக்கப் பழகியவர்களுக்குத்தான் தெரியும், அதை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று. கூடத்தில் ஆர்டர் பதிவுசெய்யும் கணினி ஒன்று இருந்தது. டீ இடைவேளையில் மெழுகு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். முதல் மாதங்களில் எட்டாத நாடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பாலிஷ்தான் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து அதை உடைத்தாள்.

"இவங்க எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு பாரு."

பூஜ்யம் நொடி என்றிருந்தது.

"பூஜ்யம் நொடியில யாரு படிப்பா? இதெல்லாம் மனுஷங்க இல்லடி, மெஷின். ஊர் ஊராக் கதவைத் தட்டிப் பாத்துட்டுப் போற மெஷின்."

"எல்லாருமா?"

"நீ வேணும்னா அதுங்களுக்கும் பல்லு கட்டிக் கொடு."

பாலிஷுக்கு இவள் வயதுதான். கல்யாணம் செய்துகொள்ளாதவள். வாயைத் திறந்தால் கத்தரிக்கோல். ஆனால் அவள் சொன்னது சரி. மெஷின்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். தேடுபொறியில் பல்வலிக்கு மருந்து தேடி வழி தவறி வந்தவர்கள். வந்ததும் தலைதெறிக்க ஓடியவர்கள்.

ஒருவரைத் தவிர. துறைமுக நகரத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவள் எதைப் போட்டாலும், போட்ட அன்றோ மறுநாளோ வந்துவிடுவார். பத்தி பத்தியாகக் கீழே இறங்குவார். கடைசி வரி வரை போவார். துறைமுக நகரத்துக்கு அவள் போனதில்லை. ரயிலில் ஓர் இரவுப் பயணம் என்று தெரியும், அவ்வளவுதான். முகம் தெரியாதவர்களுக்குப் பல் வரிசை கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? அந்த வாசகருக்கும் ஒரு முகம் கட்டினாள். ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, மூன்றாம் மாடி, கடல் தெரியும் பால்கனி, மூக்குக் கண்ணாடியை மேலேற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கிறார். பேசுவதற்கு ஆள் இல்லாதவர். சில நாள் அது ஆணாகவும் மாறியது. எப்படி மாறினாலும் நிதானம் மட்டும் மாறவில்லை.

பிறகு அவள் செய்தது, புள்ளிவிவரம் பார்க்கிற யாரும் செய்வதுதான். எந்தக் கட்டுரையில் அந்த ஆள் அதிக நேரம் இருந்தார் என்று பார்த்தாள். மாவு இறுகும் பக்குவம், பல்லின் நிறத்தில் எத்தனை வெள்ளை என்று அவள் உயிரைக் கொடுத்து எழுதியவற்றில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். ஒன்றில் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல். அது என்ன கட்டுரை என்று திறந்து பார்த்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், மாமியாரின் மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்துவைப்பதும் தனக்கு ஒரு வரிசை கட்டும் வேலைதான் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தது.

"உன் ஆளுக்கு வீட்டுக் கதைதான் பிடிக்குது" என்றாள் பாலிஷ்.

"நான் பல்லைப் பத்தில்ல எழுத வந்தேன்?"

"கடைக்கு வர்றவங்க கேக்கறதைத்தான் விக்கணும். உன் வீட்டுக்காரரைக் கேளு, சொல்லுவாரு."

கணவனைக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கட்டுரையில் வீடு கொஞ்சம் கூடியது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கணவன் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதை எழுதினாள். பதினைந்து நிமிடம். கணவனின் அக்கா, அதாவது நாத்தனார், வீட்டுக்குள் வந்ததும் முதலில் சமையலறை மேடையை ஒரு விரலால் தடவிப் பார்ப்பதைப் பெயர் சொல்லாமல் எழுதினாள். இருபது. சூதாட்டக்காரனுக்குக் கை ராசி வந்ததைப் போல இருந்தது அவளுக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே வரிகள் யோசித்தாள். அந்த ஆளை நேராக விளிக்கவும் ஆரம்பித்தாள். "கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை" என்று ஓரிடத்தில் எழுதினாள். எழுதிவிட்டு, அங்கே அந்த மூன்றாம் மாடியில் ஒருவர் புன்னகைப்பதைப் பார்த்தாள்.

பிறகு மாமியாரின் பல்லைப் பற்றி எழுதினாள்.

மாமியாருக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் கட்டியது அவளே. அச்சு வந்த நாளில் பிளாஸ்டரிடம் சொல்லி, அது தன் வீட்டு வாய் என்று தனியாக வாங்கிக்கொண்டாள். மாமியாரின் பழைய பற்களில் மேலே முன்பல்லுக்கு அடுத்தது கொஞ்சம் திரும்பி, பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்தாற்போல் இருக்கும். அதே சாய்வை மெழுகில் கொண்டுவர அவளுக்கு ஒரு நாள் ஆனது. மாமியார் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான்தான்" என்று மட்டும் சொன்னார். எழுதியது அதைப் பற்றி இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி:

"வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை ஓடிப்போய்ப் பல்லைப் போட்டுக்கொள்வார். பெற்ற மகள் வந்தால்கூட. என் முன்னால் மட்டும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பேசுவார். பல் இல்லாத வாயால் அவர் சிரிக்கும்போது, கன்னம் இரண்டும் உள்ளே போய், சின்னப் பிள்ளையாகிவிடுவார். எத்தனையோ பேருக்குச் சிரிப்புக் கட்டிக் கொடுத்தேன். எனக்கு என்று கிடைத்தது இந்தக் கட்டாத சிரிப்பு."

எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். தான் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட.

துறைமுக நகரம் அன்று இருபத்தாறு நிமிடம் இருந்தது. மறுநாள் மதியம் திரும்பி வந்து மறுபடியும் படித்தது. திரும்ப வந்து படிப்பது என்பது அதுவரை நடக்காத ஒன்று. மெழுகு அன்று பாலிஷுக்கும் பிளாஸ்டருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்கு மறுநாள், வார விடுமுறையன்று, நாத்தனார் வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மெழுகு வேலைக்குப் போயிருக்கும் மதியங்களில், தன் அலுவலகச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். விடுமுறை நாளில் வருவது புதிது. அவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், பணம் கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். எந்த வரியில் இடறினால் மறுக்கலாம் என்று தேடிப் படிப்பதுதான் உத்தியோகம். அதில் கெட்டிக்காரர் என்று பெயர். மெழுகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்தபோது, கணவன் நாற்காலியிலும் மாமியார் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் பல் போட்டிருந்தார்.

"வாம்மா, உக்காரு" என்றார் நாத்தனார், அவள் வீட்டில் அவளையே.

"பரவாயில்லக்கா. டீ போடட்டுமா?"

"டீ இருக்கட்டும். நீ எழுதினதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். உனக்கே மறந்திருக்கும், கேளு."

போனைப் பார்க்காமலே சொன்னார். மின்விசிறி, சமையலறை மேடை, தடவிப் பார்க்கும் விரல். வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல். எங்கே அவள் பத்தி பிரித்திருந்தாளோ அங்கே மூச்சு வாங்கினார். மெழுகுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது. தன் வரிகளை இன்னொருவர் வாயில் அவள் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

"ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. இங்க ஊருக்கு வாயைத் திறந்து விட்டதே வீட்டு ஆளு. அம்மாவுக்குப் பல்லு இல்ல, பொக்கை வாய், கன்னம் ஒட்டிப்போச்சுன்னு உலகத்துக்குத் தண்டோரா போட்டாச்சு. அப்புறம் அது என்ன, 'பெற்ற மகள் வந்தால்கூட'? நான் வந்தா எங்கம்மா வேஷம் போடறாங்க, உன்கிட்டதான் உண்மையா இருக்காங்க. அதானே?"

கடைசிக் கேள்வியில் குரல் பிசிறியது. அந்தப் பிசிறு மட்டும் நிஜமான காயம் என்று மெழுகுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குரல் பழையபடி இறுகிவிட்டது.

"இன்னொண்ணு. 'கடல் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.' யாரும்மா அது? கடல் பக்கம் யாரு இருக்கா உனக்கு?"

கணவன் தலையைத் தூக்கினான்.

"யாரும் இல்லக்கா. யாரோ ஒருத்தர் படிக்கிறாங்க. துறைமுக நகரத்துல."

"யாரோ ஒருத்தர்! பாத்துக்கடா தம்பி. உன் வீட்டுக் கதையை வேளாவேளைக்கு யாரோ ஒருத்தருக்குப் பரிமாறிட்டு இருக்கா உன் பொண்டாட்டி. பேரு தெரியாதாம். ஊரு மட்டும் தெரியுமாம்."

கணவன் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். கூட்டிய பிறகுதான் அவனுக்கே நினைவு வந்திருக்க வேண்டும்; கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு போனபின் மாமியார் மெல்லக் கேட்டார். "நேத்து மத்தியானம் அவ படிச்சுக் காட்டினா கண்ணு. பல்லு இல்லைன்னு எழுதணுமா?"

"அப்படி எழுதலத்தை. நான் எழுதினது வேற மாதிரி. நான் படிச்சுக் காட்டறேன், கேளுங்க."

"வேணாம். கேட்டுட்டேன்."

மறுநாள் கூடத்தில் மெழுகு ஒரு காரியம் செய்தாள். 'நேத்து மத்தியானம்' என்று மாமியார் சொன்னது அவளைத் தூங்கவிடவில்லை. துறைமுக வாசகர் திரும்பி வந்து படித்ததும் அதே மத்தியானம்தான். டீ நேரத்தில் கணினியில் பின்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பாலிஷை அவள் போனிலிருந்து வலைப்பூவைத் திறக்கச் சொன்னாள்.

"திறந்துட்டேன். ஒரே பல்லா இருக்கு."

திரையில் எண் மாறியது. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்: ஒருவர். ஊர்: துறைமுக நகரம்.

"நீ இப்ப எங்க இருக்க?"

"உன் பக்கத்துல. கண்ணு போச்சா?"

"இதுல நீ துறைமுகத்துல இருக்க."

"அப்படியா? காத்து நல்லா வருதான்னு பாரு."

பிளாஸ்டர் கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தார். "போன் கம்பெனியோட தலைமை இடம் அங்கதான் இருக்கு. நீங்க இந்த ஊர்ல எந்தச் சந்துல இருந்து திறந்தாலும் அந்த ஊரு வாசல் வழியாத்தான் வெளியே விடுவான். என் போனும் அப்படித்தான் காட்டும். அதுக்கு என்ன இப்போ?"

மெழுகு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் மாடி இல்லை, பால்கனி இல்லை. இரண்டு தெரு தள்ளி, துணி காயும் ஒரு முன்னறையில், ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வரி வரியாகத் தப்புத் தேடியிருக்கிறாள்.

"இத்தனை நாளா நான் எழுதினது என் நாத்தனாருக்கு" என்றாள்.

பாலிஷ் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அடிப்பாவி. இருபத்தாறு நிமிஷம் உக்காந்து படிச்சிருக்காளே. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்களே அவ்வளவு நேரம் உக்காரல."

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். "கடல் பக்கம்னு நான் எழுதினது உங்க அக்காவைத்தான். படிச்சது அவங்க மட்டும்தான்."

"எங்க அக்கா இங்க ரெண்டு தெரு தள்ளி இருக்கா. கடல் எங்க இருந்து வந்துச்சு?"

அவள் விளக்கினாள். வாசல், கம்பெனி, போன் என்று பிளாஸ்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் மோட்டார் கடையில் வாடிக்கையாளரின் புகாரைக் கேட்கும் முகத்தோடு கேட்டான்.

"சரி. அக்காவுக்குன்னே வச்சுக்க. அப்ப தெரிஞ்சே அவளைப் பத்தி எழுதியிருக்க. அது இன்னும் மோசமில்லையா?"



நாத்தனார் வலைப்பூவை மூடச் சொல்லவில்லை. மூடினால் தண்டனை எப்படித் தெரியும்? "எந்த இடத்துல எழுதினாளோ அந்த இடத்துலயே மாத்தி எழுதச் சொல்லு" என்று தம்பியிடம் சொல்லியனுப்பினார். வீட்டைப் பற்றிய கட்டுரைகள் எல்லாவற்றையும் மெழுகு எடுத்தாள். பல் கட்டுரையை எடுக்கும்போது மட்டும் கை நின்றது. பிறகு அதையும் எடுத்தாள். "என் மாமியார் எனக்கு இன்னொரு தாய்" என்று தொடங்கும் ஒரு கட்டுரையைப் போட்டாள். கணவன் அதில் இரண்டு சொற்களைத் திருத்தினான். அவள் எழுத்தை அவன் முழுதாகப் படித்தது அந்த ஒரு முறைதான். நாத்தனார் அதைக் குடும்பக் குழுவில் போட்டு, தன் அலுவலகக் குழுவிலும் போட்டார். சித்தப்பா பெண்கள் தங்கள் தோழிகளுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்குப் புள்ளிவிவரக் கோடு, படுத்திருந்தது எழுந்து நின்றதுபோல மலையாகிவிட்டது. அதுவரை வந்த மனிதர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது. விஷயம் தெரியாத மகள் விடுதியிலிருந்து போன் செய்தாள். "அம்மா, உன் வலைப்பூ எங்கேயோ போயிடுச்சு! எப்படிம்மா?"

"பொய் எழுதினேன்" என்று சொல்ல வாய் வரை வந்தது. "எல்லாரும் அனுப்பினாங்க" என்று சொன்னாள்.

மலை அளவுக்கு வந்தவர்கள் இருந்த நேரத்தைப் பார்த்தாள். நாலு நொடி, ஏழு நொடி. கட்டைவிரலை எங்கே அழுத்துவது என்று தேடுவதற்குத் தேவையான நேரம்.

அதன்பிறகு பழையபடி மாவையும் மெழுகையும் பற்றி இரண்டு மூன்று எழுதிப் பார்த்தாள். துறைமுக நகரம் வரவில்லை. ஒருநாள் நாத்தனாரே வாசற்படியில் நின்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "இப்பல்லாம் நல்லாத்தான் எழுதறியாம். நான் படிக்கிறதில்ல. படிக்க அதுல என்ன இருக்கு?"

வாசகர் போனது ஒருபக்கம். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் நடந்தது. மாமியார் இப்போது பல்லைக் கழற்றுவதில்லை. மெழுகு மாலையில் கதவைத் திறக்கும்போது உள்ளே கிண்ணம் அலம்பும் சத்தம் கேட்கும். அவள் செருப்பைக் கழற்றி உள்ளே போவதற்குள் வரிசை இரண்டும் வாயில் ஏறியிருக்கும். விருந்தாளியிடம் பேசுவதுபோல, "வாம்மா, வேலை எல்லாம் எப்படி?" என்று அளவாகக் கேட்பார். அளவாகச் சிரிப்பார். சாய்ந்த அந்த ஒரு பல் ஒழுங்காகத் தெரியும். தூங்கும்போதும் எடுப்பதில்லை. ஈறுக்கு ஓய்வு வேண்டும், இல்லையென்றால் புண்ணாகும் என்று அவள் சொன்னாள். "பழகிடுச்சு கண்ணு" என்றார். கொஞ்ச நாளில் ஒரு பக்கமாக மெல்ல ஆரம்பித்தார். பிறகு மெல்லுவதையே குறைத்துக்கொண்டார்.

"கொடுங்கத்தை, எங்க அழுத்துதுன்னு பாக்கறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"ஒண்ணும் அழுத்தல."

கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். அவள் செய்த பல்லை அவளிடமிருந்தே மறைத்தார்.

ஒருநாள் காலை, டாக்டர்களிடமிருந்து வந்த பொட்டலங்களைப் பிளாஸ்டர் பிரித்து ஆளாளுக்கு வைத்தார். ஜன்னலோர மேசைக்கு வந்ததில் ஒன்று, உபயோகத்தில் இருந்த கீழ்வரிசையும் மேல்வரிசையும். கீழ்வரிசையின் ஓரத்தில், ஈறைக் குத்தும் இடத்தை டாக்டர் பென்சிலால் குறித்திருந்தார். இழைத்து, மினுக்கித் திருப்பி அனுப்பவும் என்று சீட்டு. வழக்கம்போல டாக்டரின் பெயர், ஓர் எண். டாக்டர் ஊரின் மறுகோடியில் இருப்பவர், அவளுக்குப் பழக்கமில்லாதவர். அவளுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. மேல்வரிசையில் முன்பல்லுக்கு அடுத்தது பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்திருந்தது. நாத்தனார் அம்மாவை அவ்வளவு தூரம், பஸ் மாறி, அழைத்துப் போயிருக்கிறார். அத்தை நேற்றிலிருந்து மகள் வீட்டில் தங்கியிருப்பது இதற்குத்தான். இவளுடைய கைக்குத் தப்பித்துப் போன பல், ஊரைச் சுற்றி இவளுடைய கைக்கே வந்திருக்கிறது.

குறித்த இடத்தை மட்டும் இழைக்கவில்லை. விரலால் உள்பக்கம் முழுக்கத் தடவி, டாக்டருக்குத் தெரியாமல் போன இன்னொரு மேட்டையும் கண்டுபிடித்து இறக்கினாள். வழக்கமாகப் பாலிஷிடம் தள்ளிவிடுவதை, தானே எடுத்துப்போய்ச் சக்கரத்தில் மினுக்கினாள்.

"என்னடி, யாரோடது?" என்றாள் பாலிஷ்.

"யாரோ ஒருத்தரோடது."

கூடத்தின் பெயர் அச்சிட்ட பொட்டலத்தை ஒட்டி, போகிறவற்றோடு வைத்தாள். உட்கார்ந்ததும் வரிகள் தாமாக வந்தன. முதல் வரி, இரண்டாவது வரி, பத்தி எங்கே உடைய வேண்டும் என்பது வரை. அவள் இதுவரை எழுதிய எதுவும் இதன் கால்தூசி பெறாது. எழுதினால் யார் வருவார், எத்தனை நிமிடம் இருப்பார், எந்த வரியைத் திரும்பப் படிப்பார் என்றுகூட அவளுக்குத் தெரியும். பிறகு அந்தக் கட்டுரை யார் காதில், எந்தக் குரலில் படிக்கப்படும் என்பதும் தெரியும். டீ நேரம் வந்தது, போனது. அவள் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பிய மாமியார் இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டார். "இப்ப பரவாயில்ல. அந்த டாக்டரு கெட்டிக்காரரு" என்றார். "ஆமாத்தை" என்றாள். அவர் பல்லைக் கழற்றவில்லை.

மறுநாள் மெழுகு கணினியில் பின்பக்கக் கதவைத் திறந்தாள். எழுதாத வலைப்பூவில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் திறந்தாள். துறைமுக நகரம் வந்து போயிருந்தது. ஒருவர், ஒன்பது நொடி. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று முகப்பை மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் போயிருந்தார். முந்தைய நாளும் வந்திருந்தார். அதற்கு முந்தைய நாள், அதாவது டாக்டரிடமிருந்து பல் திரும்பி வந்த அன்று, மூன்று முறை.

"உன் ஆளு வந்துட்டாளா?" என்று சக்கரத்தின் இரைச்சலுக்கு மேலே பாலிஷ் கத்திக் கேட்டாள்.

"வந்துட்டா. நான் எழுதறதுக்காகக் காத்துட்டு இருக்கா" என்று மெழுகு சொன்னாள். சொல்லிவிட்டு, விளக்கைப் பற்றவைத்து, அடுத்த வாயை எடுத்தாள்.